ஸஹ்லப் கோப்பையில் ஸஹ்லப் எங்கே?

குளிர்காலம் பிறந்துவிட்டால் கெய்ரோவின் தேநீர்க் கடைகளில் ஒரு பெயர் எல்லோர் வாயிலும் வந்துவிடும். அதுதான் ஸஹ்லப். பாலையும் சீனியையும் ஒரு வகை மாவையும் சேர்த்துக் காய்ச்சி, எமது நோன்புக் கஞ்சியை விடச் சற்று இறுக்கமாக இறக்கி, சூடு ஆறுவதற்குள் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றித் தருவார்கள். மேலே தேங்காய்த் துருவல், வறுத்த கச்சான், பிளம்ஸ், கறுவாத் தூள் எல்லாம் குவிந்து கிடக்கும். கூடவே ஒரு கரண்டியும் வரும். பாதி வரை கரண்டியால் சாப்பிட்டு, மீதியைக் குடிப்பதுதான் அங்கத்தைய வழக்கம். டமஸ்கஸ், பெய்ரூத், அம்மான், ஜெரூஸலம் பக்கமெல்லாம் தள்ளுவண்டியில் பெரிய பித்தளைப் பாத்திரத்தை வைத்து விற்பார்கள். அங்கே கச்சானுக்குப் பதில் பிஸ்தா, தொட்டுக்கொள்ள எள் தூவிய கஃக் ரொட்டி. துருக்கியர் இதையே ஸாலெப் என்கிறார்கள்.

வியாபாரப் பக்கத்தில் சமையல் குறிப்பா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. வளைகுடா நாடுகளில் உழைத்துவிட்டு வந்த எமது சகோதரர்கள் பலர் கையில் உள்ள பணத்தைக் கொண்டு சிறு உணவகங்கள் திறக்கிறார்கள. ஷவர்மா வந்தது, மந்தி வந்தது. அடுத்தது என்ன என்று தேடுகிறவர்களின் காதில் ஸஹ்லப் என்ற பெயரும் விழுந்திருக்கிறது. நுவரெலியாவில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி அண்மையில் என்னிடம் பேசினார். "அசல் ஸஹ்லப் பவுடர்" என்று சொல்லி ஒருவர் அவருக்குக் கிலோக் கணக்கில் விலை சொல்லியிருக்கிறார். கோதுமை மாவின் விலையைப் போலப் பல மடங்கு. வாங்கலாமா நானா என்பது தம்பியின் கேள்வி. இப்படிக் கேள்வி வருவதற்கு முன்னரே இந்தச் சரக்கின் கதையை எமது வர்த்தகர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஸஹ்லப் என்பது முதலில் ஒரு பானத்தின் பெயரல்ல, ஒரு கிழங்கின் பெயர். ஓர்க்கிட் பூச்செடி எமக்குத் தெரியும். மரத்தில் ஒட்டி வளரும் வகைகளைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம். துருக்கி, ஈரான், சிரியா, கிரேக்கம் போன்ற நாடுகளின் மலைப் புல்வெளிகளில் மண்ணிலே வளரும் ஓர்க்கிட் வகைகள் உள்ளன. அவற்றின் அடியில் சிறு சிறு உருண்டைக் கிழங்குகள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். அந்தத் தோற்றத்தைப் பார்த்து அரபியர் வைத்த பெயரின் பொருள் "நரியின் விதைகள்". தஃலப் என்றால் நரி. அச்சொல் திரிந்துதான் ஸஹ்லப் ஆனது என்பர். கடைப் பட்டியலில் எவரும் இதை மொழிபெயர்த்துப் போடுவதில்லை, ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தப் பெயர் எமக்கும் முற்றிலும் புதிதல்ல. நாட்டு மருந்துக் கடைகளிலும் யூனானி வைத்தியர்களிடமும் "சாலாமிசிரி" என்று ஒரு சரக்கு உண்டல்லவா? உடல் தேற்றுவதற்காகப் பாலில் போட்டுக் கொடுப்பார்கள். அதுவும் ஓர்க்கிட் கிழங்குதான். தஃலப் என்பதே சாலப், சாலம் என்றெல்லாம் ஆகி, மிஸ்ரி, அதாவது எகிப்திலிருந்து வந்தது என்ற சொல்லுடன் சேர்ந்து கொண்டது. புறக்கோட்டையில் பழைய மருந்துச் சரக்குக் கடைக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

பூக்கும் காலத்தில் கிராமத்தவர் மலைக்குப் போய்ச் செடியைத் தோண்டுவார்கள். இரண்டு கிழங்குகளில் ஒன்று பழையது, சுருங்கியிருக்கும். மற்றது அடுத்த வருடத்துச் செடிக்காக உணவைச் சேமித்து வைத்திருக்கும் புதுக் கிழங்கு. எடுப்பது இந்தப் புதுக் கிழங்கைத்தான். அதாவது அடுத்த வருடத்துச் செடியையே எடுத்துவிடுகிறார்கள். கழுவி, நீரிலோ பாலிலோ மோரிலோ அவித்து, நூலில் மாலை போலக் கோத்து வெயிலில் காய விடுவார்கள். காய்ந்தால் சிறு கல்லைப் போல் ஆகிவிடும். பின்னர் அரைத்து மாவாக்குவார்கள். ஒரு கிலோ மாவுக்கு ஆயிரம் முதல் நாலாயிரம் கிழங்குகள் வரை தேவை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு கிழங்குக்கு ஒரு செடி. விதையிலிருந்து முளைத்து அச்செடி பூப்பதற்குப் பல வருடங்கள் ஆகும். முளைப்பதற்கே மண்ணில் ஒரு வகைப் பூஞ்சணம் துணை இருக்க வேண்டும். ஆகவே நெல் விதைப்பது போல் விதைத்து அறுக்கும் காரியமல்ல இது. துருக்கியில் பயிரிட்டுப் பார்க்கும் முயற்சிகள் நடந்து வருகின்றன. ஆயினும் மலையில் தோண்டுவது நின்றபாடில்லை.

துருக்கியில் கிராக்கி அதிகம். பானத்துக்கு மட்டுமல்ல, கஹ்ரமான்மராஷ் நகரத்து ஐஸ்கிறீம் கத்தியால் வெட்டிச் சாப்பிடும் அளவுக்கு இழுபடுவதற்கும் இந்த மாவே காரணம். அங்கே மலைகள் காலியாகக் காலியாக வியாபாரிகள் ஈரான் பக்கம் திரும்பினார்கள். ஈரானில் ஒரே வருடத்தில் 70 இலட்சத்துக்கும் 110 இலட்சத்துக்கும் இடைப்பட்ட ஓர்க்கிட் செடிகள் தோண்டப்பட்டதாக ஆய்வாளர் குழுவொன்று 2014இல் மதிப்பிட்டது.

சட்டமும் இருக்கிறது. அழிந்துபோகும் தாவரங்களினதும் பிராணிகளினதும் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975இல் நடைமுறைக்கு வந்தது. ஓர்க்கிட் குடும்பம் முழுவதும் அதன் பட்டியலில் உண்டு. எமது நாடு 1979இல் அதில் சேர்ந்தது, துருக்கி 1996இல் சேர்ந்தது. காட்டிலிருந்து எடுத்த கிழங்கின் ஏற்றுமதியைத் துருக்கி தடை செய்துமிருக்கிறது. ஆகவே யாராவது ஒரு தம்பியிடம் "அசல் கிழங்கு மா, கிலோ எத்தனை வேண்டும்?" என்று கேட்டால், தம்பி திருப்பிக் கேட்க வேண்டியது விலையை அல்ல, பத்திரத்தை. பத்திரம் இல்லாத அசல் சரக்கு சுங்கத்தில் மாட்டும். பத்திரமே தேவையில்லை என்று சொன்னால் அது அசல் சரக்கல்ல. இரண்டிலும் நஷ்டம் வாங்குபவருக்கே.

அப்படியானால் கெய்ரோவில் நாள்தோறும் இத்தனை ஆயிரம் கோப்பைகள் எப்படி விற்பனையாகின்றன?

2008 டிசம்பரில் கெய்ரோவுக்குப் போன போது இதை நேரிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். கான் அல்-கலீலிக்கு அருகில் ஓர் அத்தார் கடை. நாம் அத்தர் என்றால் வாசனையை மட்டும் நினைக்கிறோம், அங்கே அத்தார் என்பவர் வாசனைச் சரக்கு, மருந்துச் சரக்கு, மூலிகை எல்லாம் விற்பவர். அல்-அஸ்ஹரில் படித்துக்கொண்டிருந்த எமது ஊர் மௌலவி ஒருவர் துணைக்கு வந்திருந்தார். ஸஹ்லப் மா வேண்டும் என்றேன். கடைக்காரப் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ கேட்டார். மௌலவி சிரித்துவிட்டார்.

"ஹாஜியார், குடிப்பதற்கா, காட்டுவதற்கா என்று கேட்கிறார்."

இரண்டையும் காட்டச் சொன்னேன். ஒரு பெரிய தகரத்தைத் திறந்தார். வெள்ளை வெளேரென்ற மா. கையால் எழுதிய அட்டையில் ஸஹ்லப் என்ற சொல்லுக்கு அடுத்து "நஷா" என்று இருந்தது. நஷா என்றால் மாப்பொருள், நாம் கோன்பிளவர் என்கிறோமே, அதுதான். கிலோக் கணக்கில் அள்ளிக் கொடுக்கிறார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு சிறு போத்தலை எடுத்தார். உள்ளே இலேசான மஞ்சள் கலந்த மா. பக்கத்தில் நூலில் கோத்த காய்ந்த கிழங்குகள், தஸ்பீஹ் மணிகள் போல. அதை நிறுக்கும் தராசும் வேறு, குங்குமப்பூ நிறுக்கும் சிறு தராசு.

"நீங்கள் வீட்டில் எதைக் குடிக்கிறீர்கள்?" என்று மௌலவி மூலம் கேட்டேன். பெரியவர் யோசிக்கவேயில்லை, பெரிய தகரத்தைத் தட்டிக் காட்டினார்.

அந்தப் பெரியவரை எனக்குப் பிடித்துப் போயிற்று. பொருள் மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. அதை அட்டையில் எழுதி வைத்துக்கொண்டே வியாபாரம் செய்கிறார், கூட்டமும் குறையவில்லை.

இதே கதை வேறோர் ஊரிலும் நடந்திருக்கிறது. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் துருக்கியிலிருந்து இந்த மா லண்டனுக்குப் போனது. "சலூப்" என்ற பெயரில், கோப்பியை விட மலிவாக, தெருவோரத்தில் அதிகாலையில் வேலைக்குப் போகும் ஏழைத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். காலப்போக்கில் ஓர்க்கிட் மாவுக்குப் பதிலாக அமெரிக்காவிலிருந்து வந்த சஸ்ஸஃப்ராஸ் என்னும் மரத்தின் கட்டையைக் காய்ச்சிப் பாலும் சீனியும் சேர்த்து, அதையும் சலூப் என்றே விற்றார்கள். சார்ல்ஸ் லாம்ப் என்ற ஆங்கில எழுத்தாளர் 19ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எழுதிய சலூப் இந்தச் சஸ்ஸஃப்ராஸ் சலூப்தான். பிறகு அதுவும் மறைந்துவிட்டது.

இனிச் செய்முறைக்கு வருவோம். கெய்ரோவில் குடிக்கப்படும் முறையையே சொல்கிறேன்.

ஒரு லீற்றர் பால், கோன்பிளவர் 4 மேசைக்கரண்டி, அதாவது சுமார் 32 கிராம், சீனி 4 அல்லது 5 மேசைக்கரண்டி. பாலில் ஒரு கோப்பையைத் தனியே எடுத்து வையுங்கள், அது குளிர்ந்திருக்க வேண்டும். கோன்பிளவரை அதில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். சூடான பாலில் நேரே மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும், பிறகு எவ்வளவு அடித்தாலும் சரிவராது. மீதிப் பாலைச் சீனியுடன் அடுப்பில் வைத்து, ஆவி எழும்போது கரைத்த மாவை மெல்லிய தாரையாக ஊற்றிக் கிளறுங்கள். கை நிற்கக் கூடாது, சட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். திடீரென்று இறுகத் தொடங்கும். கொப்புளம் வந்த பின் சிறு தீயில் இரண்டு நிமிடம், அவ்வளவுதான். பச்சை மா வாடை போய்விடும். அதற்கு மேல் நெடுநேரம் கொதிக்கவிட்டுக் கிளறினால் கோன்பிளவர் தன் பிடியை விட்டுத் தண்ணீராகும்.

பன்னீர் ஒரு தேக்கரண்டி. அடுப்பிலிருந்து இறக்கிய பின்னர்தான் ஊற்ற வேண்டும், கொதிக்கும்போது ஊற்றினால் வாசனை வீட்டுக்குப் போகும், கோப்பைக்கு வராது. சிரியா, லெபனான் பக்கத்தில் தோடம்பூ நீர் சேர்ப்பார்கள். மஸ்தகியும் போடுவதுண்டு. கிரேக்கத்தின் கியோஸ் தீவில் ஒரு மரத்திலிருந்து வடியும் பிசின் அது, யூனானி வைத்தியர்களுக்கு நன்கு தெரிந்த சரக்கு. லீற்றருக்கு இரண்டு சிறு மணிகள் போதும். தனியே இடித்தால் உரலில் ஒட்டிக்கொள்ளும், ஒரு கரண்டி சீனியுடன் சேர்த்து இடிக்க வேண்டும். கூடினால் கசக்கும்.

அசல் கிழங்கு மா வேலை செய்யும் விதம் வேறு. அதில் குளுக்கோமன்னான் என்ற ஒரு பொருள் இருக்கிறது. தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு பெருக்கும். ஆகவே லீற்றருக்கு 8 முதல் 10 கிராம் போதும். காய்ந்த மாவை மூன்று நான்கு மடங்கு சீனியுடன் கலந்து, ஆறிய பாலில் தூவிக்கொண்டே கிளறி, சிறு தீயில் 15, 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும். கோன்பிளவர் நெடுநேரம் கிளறினால் இளகும், இது கிளறக் கிளற இழுபடும். டமஸ்கஸ் ஹமீதிய்யா சந்தையில் பக்தாஷ் கடையின் ஐஸ்கிறீமை மர உலக்கையால் இடிப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 19ஆம் நூற்றாண்டுக் கடை அது. ஸஹ்லபும் மஸ்தகியும் கொடுக்கும் இழுவைதான் அந்த இடியைத் தாங்குகிறது.

இதிலிருந்து சரக்கைச் சோதிக்க ஒரு வழி கிடைக்கிறது. "அசல்" என்று சொல்லும் மாவில் 10 கிராமை நிறுத்து ஒரு லீற்றர் பாலில் மேற்சொன்னபடி காய்ச்சிப் பாருங்கள். பால் தண்ணீராகவே இருந்தால் அது கோன்பிளவர். இறுகினாலும் அசல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பசையும் அந்த அளவில் இறுக்கும். கொஞ்சாக் மாவும் இறுக்கும். அது எமது சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கு, அதிலும் இருப்பது குளுக்கோமன்னான்தான். சட்டபூர்வமாகக் கிடைப்பது. இழுபடும் தன்மை வேண்டுமென்று விரும்புகிறவர்கள் கோன்பிளவருடன் சிறிது கொஞ்சாக் மாவைச் சேர்த்துப் பார்க்கலாம், ஒரு லீற்றருக்கு ஒரு கிராம் வைத்துத் தொடங்குங்கள்.

பக்கெற்றில் வரும் ஸஹ்லப் கலவைகளும் உண்டு. பெட்டியின் முன்பக்கத்தில் பூவின் படம் இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பி வாசியுங்கள். பெரும்பாலானவற்றில் சீனி, சோளமாப் பொருள், பால்மா, வாசனை என்றுதான் எழுதியிருக்கும். அவர்கள் ஒளிக்கவில்லை, நாம்தான் வாசிப்பதில்லை. சீனியையும் சோளமாவையும் இறக்குமதி விலைக்கு வாங்கி விற்பதில் ஒரு கடைக்காரருக்கு என்ன மிஞ்சும்? அவை இரண்டும் நான்காம் குறுக்குத் தெருவிலேயே மூட்டையாகக் கிடைக்கின்றன.

ஒரு லீற்றரில் 200 மில்லிலீற்றர் கோப்பைகள் ஐந்து வரும். செலவில் பெரிய பங்கு பாலுக்கு, அடுத்தது மேலே தூவும் பருப்புகளுக்கு. இறுக்கும் மாவின் செலவு கணக்கில் தெரியவே தெரியாது. பசும்பால் கிடைக்காத இடத்தில் பால்மா போதும், ஆனால் தண்ணீரைக் கூட்டி மாவைக் கூட்டும் கெட்டித்தனம் இதில் செல்லாது, நாக்கு உடனே பிடித்துவிடும். கோப்பை சிறிதாக இருக்கட்டும், இது வயிற்றை நிரப்பும் சாமான். கச்சானும் கஜுவும் பிஸ்தாவும் கொடுக்கும் நேரத்தில்தான் போட வேண்டும், முன்னரே போட்டால் ஊறிச் சவசவ என்றாகிவிடும். கச்சான் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சூட்டைக் காப்பதுதான் பெரிய வேலை. நேரடி அடுப்பில் விட்டால் அடிப்பிடிக்கும். பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதற்குள் ஸஹ்லப் பாத்திரத்தை இறக்கி, மூடி வையுங்கள். 60 பாகைக்குக் கீழே போனால் பால் கெடத் தொடங்கும். இறுகி வந்தால் சூடான பால் சிறிது சேர்த்து இளக்கலாம். கொழும்பு வெயிலில் மதிய வேளையில் இதை விற்க முயல்வது வீண். கெய்ரோவிலேயே கோடை வந்தால் அந்தத் தெருக்களில் புளிப் பானமும் அதிமதுரப் பானமும்தான் ஓடும். நுவரெலியா, ஹப்புத்தளை, பண்டாரவளை என்றால் சரி. மற்ற ஊர்களில் மழைக்கால இரவு.

பெயர் விஷயத்தில் நுவரெலியாத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். பட்டியலில் "ஸஹ்லப்" என்று தாராளமாகப் போடுங்கள், எகிப்தில் எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள். "அசல்" என்றோ "ஓர்க்கிட் கிழங்கு" என்றோ போடாதீர்கள். அவருக்கு இது கொஞ்சம் ஏமாற்றம். ஒரு சொல்லால் விலையை இரட்டிப்பாக்கலாமே என்று நினைத்திருப்பார். நான் எமது கறுவாவைச் சொன்னேன். இலங்கைக் கறுவா என்று சொல்லி கசியாப் பட்டையை அரைத்து வெளிநாடுகளில் விற்கும்போது எமக்கு எவ்வளவு வயிறு எரிகிறது! அந்தப் பெயரைக் காப்பாற்ற எத்தனை வருடம் பாடுபட்டு, 2022இல்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவியியல் குறியீடாகப் பதிவு கிடைத்தது. அந்த எரிச்சல் எமக்கு நியாயமானால், அரபு விருந்தாளி ஒருவர் தம் ஊர்ப் பண்டத்தின் பெயரை எமது பட்டியலில் பார்த்துக் காசு கொடுக்கும்போது அவருக்கும் அதே நியாயம் உண்டு. தம்பி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நானா, மேலே தூவ நம்ம கறுவாவையே போட்டு, அதைப் பெரிசா எழுதலாம்தானே?" என்றார். அதைத் தாராளமாக எழுதலாம். தேங்காய்த் துருவலும் எமதுதான்.

கடைசியாக, மீதியாவதைப் பற்றி. இரவு கடை மூடும் முன் பாத்திரத்தில் கைபடாமல் மிஞ்சியதைச் சிறு கிண்ணங்களில் ஊற்றி உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். கோன்பிளவர் ஆறினால் புடிங் போல உறைந்துவிடும். மறுநாள் பிஸ்தாவைத் தூவி முஹல்லபிய்யா என்று விற்கலாம். பெயரை மாற்றியதாக எவரும் குறை சொல்ல முடியாது. பாலும் சீனியும் மாவும் காய்ச்சி ஆறி உறைந்தால் அரபு நாடுகளில் அதற்குப் பெயரே அதுதான்.